மூச்சை அடக்குபவருக்குப் பக்கத்தில் நிற்பவர்

நீச்சல் குளத்தில் மூச்சடக்கிப் பயிற்சி செய்கிறவர்கள், எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தோம், ஒரே மூச்சில் எத்தனை மீட்டர் போனோம் என்று நிறையப் பேசிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் நம்மைக் கவனித்தவர் யார், எப்படிக் கவனித்தார் என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கவனிப்பவரின் வேலை மூழ்குபவரின் வேலைக்கு எவ்விதத்திலும் குறைந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம். நம் உடல் இயங்கும் விதமே அதற்குக் காரணம்.

மூச்சை அடக்கியிருக்கும்போது "இனிமேல் முடியாது" என்ற தவிப்பைத் தூண்டுவது முக்கியமாக ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடுதான். ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவு தெளிவாக உணர்த்துவதில்லை. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக, ஆழமாக மூச்சை இழுத்து விடுபவரின் உடலிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பெருமளவு வெளியேறிவிடுகிறது. ஆனால் நலமாக இருப்பவரின் ஹீமோகுளோபின் சாதாரண நிலையிலேயே ஏறக்குறைய முழு அளவு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருப்பதால், அப்படி மூச்சு வாங்குவதால் கூடுதலாகச் சேரும் ஆக்சிஜன் மிகச் சொற்பம். ஆகவே தவிப்பு தள்ளிப்போகிறது, ஆக்சிஜனோ வழக்கம்போல் தீர்ந்துகொண்டே வருகிறது, தவிப்பு முற்றுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடுகிறது. நீருக்கடியில் நீந்துபவர்கள் மயங்குவதற்கான இந்தக் காரணத்தை அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆல்பர்ட் கிரெய்க் 1961-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதிவிட்டார். அப்படி மயங்கி மீண்டவர்களைக் கேட்டால், மயங்கியதே தெரியவில்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். "என் எல்லை எனக்குத் தெரியும்" என்று ஒருவர் சொல்லும்போது எனக்குக் கவலை கூடுவது இதனால்தான். தெரிந்துகொள்ள வேண்டிய அந்த நொடியில் தெரிந்துகொள்ளும் மூளையே அணைந்துபோகிறது.

இடுப்பளவுத் தண்ணீர்தானே என்ற தைரியமும் வேண்டாம். நினைவிழந்தவரின் முகம் தண்ணீரில் இருந்தால் ஆழம் ஒரு பொருட்டே இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 1988 முதல் 2011 வரை நடந்த இத்தகைய சம்பவங்களை ஆராய்ந்த ஓர் அறிக்கை 16 நிகழ்வுகளைப் பதிவு செய்தது. அவற்றில் 4 பேர் இறந்துபோனார்கள். வேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்குவதும், அசையாமல் மூச்சடக்கிக் கிடப்பதும், மூச்சு வாங்குவதைக் குறைத்துக்கொண்டே நீந்தும் பயிற்சியும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டிய ஆபத்தான பழக்கங்கள்.

குளத்தில் உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் குளம் முழுவதையும் பார்க்க வேண்டியவர். பயிற்சிக்காக அசையாமல் மிதப்பவரும் மயங்கி அசையாமல் மிதப்பவரும் அவர் இருக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பயிற்சி செய்யப் போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுவது அவசியம். அதனால் பக்கத்தில் ஆள் தேவையில்லை என்று ஆகிவிடாது. அதே போல, தன் பயிற்சிக்கு நடுவே அவ்வப்போது திரும்பிப் பார்க்கும் நண்பரையும் நான் கவனிப்பவராகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒருவர் மூழ்கும்போது மற்றவருக்கு அவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது.

அசையாமல் மிதக்கும் பயிற்சியில் கவனிப்பவர் தண்ணீருக்குள், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இலக்கு நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு தோளில் ஒரு தட்டு. மிதப்பவர் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்ட வேண்டும். அடுத்து 30 வினாடியில் ஒரு தட்டு, அதன்பின் 15 வினாடிக்கு ஒன்று. பதில் வராவிட்டால் உடனே இன்னொரு முறை தட்ட வேண்டும்; அதற்கும் விரல் உயரவில்லை என்றால் யோசிக்காமல் முகத்தை நீருக்கு மேலே திருப்பிவிட வேண்டும். நான் நிற்கும்போது கடிகாரத்தைவிட அந்த விரலைத்தான் அதிகம் பார்ப்பேன். முதலில் பளிச்சென்று உயர்ந்த விரல் பிறகு மெதுவாக, பாதியளவே உயர்ந்தால், அதுவே போதுமான எச்சரிக்கை. உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசை) துடித்துக்கொண்டிருந்தவரின் வயிறு திடீரென அடங்கிப்போவதும், வாயிலிருந்து காற்றுக் குமிழிகள் தாமாக வெளியேறுவதும் கண நேரமும் பொறுக்கக் கூடாத அறிகுறிகள். நீருக்கடியில் தூரம் நீந்துபவரை, ஒரு மிதவையுடன் அவருக்கு மேலேயே நீந்திப் பின்தொடர வேண்டும். அவர் காலில் நீச்சல் துடுப்பு அணிந்திருந்தால் நாமும் அணிந்திருக்க வேண்டும். கால் வீச்சின் தாளம் தவறுவது, காரணமின்றி வேகம் கூடுவது, திசை கோணுவது ஆகியவற்றைப் பார்த்தால் உடனே மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

மேலே வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து மூளையை எட்டுவதற்குச் சில வினாடிகள் ஆகும். தலை வெளியே வந்த பிறகு மயங்குவது அதனால்தான் நடக்கிறது. எனவே மேலே வந்தவர் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை முழுவதும் வெளியே தள்ளிவிடாமல், சட்டென்று இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, தளர்வாக விட வேண்டும். இதைப் பலமுறை செய்ய வேண்டும். கவனிப்பவர் குறைந்தது 30 வினாடிகளாவது அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. உதடு நீலம் பாரிக்கிறதா, பார்வை வெறித்து நிற்கிறதா, தலை ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். "சரியாகிவிட்டேன்" என்று அவர் தெளிவாகச் சொன்ன பிறகும் அந்த 30 வினாடிகள் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

மயங்கியேவிட்டால், வாயும் மூக்கும் நீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிப் பிடித்து, நீச்சல் கண்ணாடியையும் மூக்குக் கிளிப்பையும் கழற்றிவிட்டு, கண்ணுக்குக் கீழே முகத்தில் ஊதி, கன்னத்தைத் தட்டி, பெயரைச் சொல்லி "மூச்சை இழு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சில நொடிகளில் மூச்சு திரும்பிவிடும். சுமார் 10 வினாடியில் திரும்பாவிட்டால் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை காற்றை ஊதி, உதவிக்குக் குரல் கொடுத்து, கரையேற்றி முதலுதவியைத் தொடர வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, காற்றும் கொடுக்க வேண்டும். இவற்றைக் காகிதத்தில் படித்தால் கைக்கு வராது. ஒருவர் மயங்கியதுபோல் நடிக்க, மற்றவர் தூக்கிப் பழக வேண்டும்.

மயங்கி எழுந்தவர் சில நிமிடங்களில் சிரித்துப் பேசத் தொடங்கிவிடுவார், இன்னொரு முறை முயலட்டுமா என்றுகூடக் கேட்பார். அன்றைக்கு அவர் மீண்டும் மூச்சடக்கக் கூடாது, தனியாக வீடு திரும்பவும் விடக் கூடாது. தண்ணீர் உள்ளே போயிருந்தாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்குவதில் சிரமம் தெரிந்தாலோ, அவர் எவ்வளவு மறுத்தாலும் கவனித்தவரே கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.