14 அதிகாரம், ஒரே கேள்வி

மீன்பிடித் தடைக்காலம். பாம்பன் தெற்குவாடியில் சித்தப்பா கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1944 ஆகஸ்ட் 19, ஆஸ்திரேலியா. போர் முடிவதற்கு முன்பே பிரதமர் கர்ட்டினின் அரசு நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தது. போரைக் காட்டி மத்திய அரசு கையில் வைத்திருந்த அதிகாரம் போர் முடிந்தால் மாநிலங்களுக்கே திரும்பிவிடும், அதனால் போருக்குப் பின் 5 வருடத்துக்கு 14 விஷயங்களில் சட்டம் போட அதிகாரம் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

படைவீரர்களுக்கு வேலை, குடும்ப உதவித்தொகை, விலைக் கட்டுப்பாடு, ரயில் பாதை அகலம் வரைக்கும் அதில் இருந்தது. பாதிக்கு மேல் எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் 14-க்கும் சேர்த்து ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை! ஒன்று வேண்டும், இன்னொன்று வேண்டாம் என்கிறவன் என்ன செய்வான்? ஆம் என்றவர்கள் சுமார் 46 சதவீதம்தான், 6 மாநிலங்களில் 2 மட்டும் ஒத்துக்கொண்டன. தோற்றது.

1946-ல் மூன்று விஷயங்களைத் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டார்கள். சமூக நல உதவிகளுக்கான அதிகாரம் ஜெயித்தது. மற்ற இரண்டும் நாடு முழுக்கப் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வாங்கியும் தோற்றன, ஏனென்றால் அங்கே மொத்த வாக்கில் பெரும்பான்மை மட்டும் போதாது, 6 மாநிலங்களில் குறைந்தது 4-லும் ஜெயிக்க வேண்டும், கிடைத்ததோ 3. சின்ன மாநிலத்தின் வாக்கையும் மாநிலமாகவே எண்ணுகிற இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சித்தப்பாவின் ஊசி நின்றது. "அம்புட்டுச் சனத்துக்கிட்டயுமா கேட்டாக?"

ஆமா சித்தப்பா, வாக்களிப்பது அங்கே கட்டாயம் என்றேன்.

நம் ஊரில் கல்வியும் காடும் 1976-ல், நெருக்கடிநிலை நேரத்தில், 42-வது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போயின. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பாதி மாநிலச் சட்டமன்றங்களின் சம்மதம், அவ்வளவுதான் தேவை. சனத்திடம் கேட்கும் வழியே இதில் கிடையாது. கச்சத்தீவு இன்னும் மோசம், 1974-ல் தில்லியும் கொழும்பும் கையெழுத்துப் போட்டு முடித்தபின் நம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எங்கய்யா அந்தத் தீவுல வலை காயப் போட்டவுக" என்றார் சித்தப்பா. "வேணுமா வேணாமான்னு அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."