விடச் சொன்னார், விட்டேன்

அலுவலக நண்பர் ஒருவர் 30 அடி பாய்மரப் படகு வைத்திருக்கிறார். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று பெர்க்லி மரீனாவுக்கு வரச் சொன்னார். என் படகு அனுபவம் முட்டுக்காட்டில் பெடல் மிதித்ததோடு சரி. அதை அவரிடம் சொல்லவில்லை.

படகு முழுக்கக் கயிறுதான், ஆனால் ஒன்றையும் கயிறு என்று சொல்லக்கூடாதாம். ஷீட் என்றார். பாயைத்தான் சொல்கிறார் என்று அண்ணாந்து பார்த்தேன். அது பாயின் மூலையைப் பிடித்து இழுக்கிற கயிறு. பாயை மேலே ஏற்றுகிற கயிறு ஹால்யார்ட். ஷீட்டை வின்ச் என்கிற, கயிற்றை இறுக்கி இழுக்க உதவும் உருளையில் கடிகாரத் திசையில் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும் என்றார். இது ஒன்றுதான் எனக்கு உடனே பிடிபட்டது. பிரதட்சணம் செய்து வளர்ந்த பரம்பரை அல்லவா.

படகின் மூக்கில் ஒரு ஃபர்லர் இருக்கிறது. ஜிப் என்கிற முன்பாய் அதில் கோரைப்பாயைச் சுருட்டி நிறுத்தின மாதிரி நிற்கும். அடியில் ஒரு டிரம். அதிலிருந்து விரல் பருமனில் ஒரு கயிறு நாம் உட்காருகிற இடம் வரை வருகிறது. ஷீட்டை இழுத்தால் பாய் விரியும், அந்தக் கயிறு டிரம்மில் போய்ச் சுற்றிக்கொள்ளும். திரும்பக் கயிற்றை இழுத்தால் பாய் சுருண்டுவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! அந்த ஒல்லிக் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள்.

"விடு" என்றார் நண்பர். விட்டேன்.

"மெதுவாக" என்றும் சொன்னாராம். அது காற்றோடு போய்விட்டது. டமார் என்று பாய் ஒரே மூச்சில் விரிந்தது. டிரம் பம்பரமாய்ச் சுற்றியது. நண்பர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நான் பெரிய வேலை முடித்தவன் போல சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தேன்.

கோடையில் அங்கே காலையில் காற்று சாதுவாக இருக்கும். மத்தியானம் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு காய்ந்து சூடேறியதும், கோல்டன் கேட் இடுக்கு வழியாகக் கடல் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அல்கட்ராஸ் தீவைத் தாண்டும்போது காற்று 25 நாட், அதாவது மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர் வேகம். படகு ஒருக்களித்துப் படுத்தது, சிப்ஸ் கடலுக்குப் போனது. ஜிப்பைச் சுருட்டு என்றார். கயிற்றை இழுத்தேன். இரண்டு முழம் வந்தது, நின்றுவிட்டது. நண்பரும் சேர்ந்து இழுத்தார். அசையவில்லை. வின்ச்சில் போட்டு இழுக்கலாமே என்றேன். எங்காவது சிக்கியிருக்கும்போது வின்ச்சில் இழுத்தால் ஏதாவது பிய்ந்துதான் வரும் என்றார்.

விஷயம் இதுதான்: நான் பிடியே இல்லாமல் விட்டதில் கயிறு டிரம்மில் தொளதொளவென்று சுற்றியிருக்கிறது. இறுக்கி இழுத்ததும் மேல்சுற்று அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து பூட்டிக்கொண்டது.

நண்பர் படகைக் காற்றோடு பெர்க்லி பக்கம் திருப்பினார். பெரிய பாயின் மறைவில் ஜிப் காற்றில்லாமல் துவண்டது. சிக்கலைப் பிரிக்க யாராவது மூக்குக்குப் போக வேண்டும். யார் போவது என்று பேச்சே எழவில்லை.

லைஃப் ஜாக்கெட்டோடு தவழ்ந்து போய், குப்புறப் படுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிடுங்கினேன். பிறகு டிரம்மைக் கையாலேயே ஆட்டுக்கல் மாதிரி சுற்றினேன். நாலு சுற்றுக்கு ஒரு அலை முகத்தில். ஜூலை மாதம் என்று அந்தத் தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை போலும். பாய் முழுக்கச் சுருண்ட பிறகும், ஷீட்டும் இரண்டு சுற்று மேலே சுற்றிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் காற்று பிரித்துவிடும் என்று பின்னாலிருந்து குரல். சுற்றினேன்.

ராத்திரி அம்மாவிடம் போனில் கதையைச் சொன்னேன். ஃபர்லர், டிரம் என்று கை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கே வந்தார்.

"பாபின்னு சொல்லேன்டா. நூலைப் பிடிச்சுக்காம பாபின் சுத்தினா தையல் மெஷின்லயே சிக்கும். சரி, தலையைத் துவட்டினியா?"