ஏஜாக்ஸ் பெடியளின் கடைசி இரவு

25 ஜனவரி 2025, சனி

டிக்கெட் கிடைத்துவிட்டது. வியாழன் இரவு டொரன்டோ ஸ்கோஷியாபேங்க் அரீனாவில் டொரன்டோவுக்குப் பக்கத்து ஊரான ஏஜாக்ஸின் பங்க் ராக் குழு சம் 41-இன் கடைசிக் கச்சேரி. தம்பிக்குச் சொன்னேன். "அண்ணா, உண்மையாவோ?" என்று மூன்று தரம் கேட்டான். 2001இல் மச்மியூசிக் டிவியில் அவர்களின் 'ஃபாட் லிப்' பாட்டு வரும்போதெல்லாம் சோஃபாவில் ஏறி நின்று ராப் பாடியவன். அம்மா அகப்பையோடு ஓடி வருவா.

27 ஜனவரி, திங்கள்

ஏஜாக்ஸில் உள்ள எக்ஸ்டர் உயர்நிலைப் பள்ளியைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். இங்கே படித்த பெடியள்தான் சம் 41. 1996இல் நோஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவின் பாட்டுகளை வாசித்தபடி தொடங்கினார்கள். ஆனால் பாடகர் டெரிக் விப்லி அதற்கு முன்பே சிறுவயதில் ஒரு ராப் குழுவில் இருந்தவர். அது சும்மா போகவில்லை. 'ஃபாட் லிப்'பில் டெரிக், கிட்டார் வாசிக்கும் டேவ் பாக்‌ஷ், டிரம்ஸ் அடிக்கும் ஸ்டீவ் ஜாக்ஸ் மூவரும் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வரியைப் பிடுங்குவதுபோல் பாடுவார்கள். பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவின் பாணி அது. கோரஸ் வந்தால்தான் அது பங்க் பாட்டு என்றே ஞாபகம் வரும்.

டேவின் பூர்வீகம் கயானா இந்தியர். டிவியில் எங்களைப்போல் ஒரு முகம் கிட்டாரோடு குதித்ததை அப்போது நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கவனித்தோம், அவ்வளவுதான்.

28 ஜனவரி, செவ்வாய்

இவர்கள் மேலே வந்த கதை எனக்குப் பிடித்தது. தண்ணீர்த் துப்பாக்கியோடு பிட்சா கடையைக் 'கொள்ளையடிப்பது' போன்ற குறும்புகளைக் கேம்கோடரில் படம்பிடித்து இசை நிறுவனங்களுக்குக் காட்டினார்கள்! 1999இல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம். அப்புறம் 2001இல் முதல் முழு ஆல்பம்; அதிலிருந்த 'ஃபாட் லிப்' அமெரிக்க இசை இதழான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம். ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜெரி ஃபின் என்றாலும், என்னைக் கேட்டால் பாதிப் புகழ் அந்தக் கேம்கோடருக்குத்தான்.

30 ஜனவரி, வியாழன் (நள்ளிரவு தாண்டி)

ரயிலில் எழுதுகிறேன், கை இன்னும் நடுங்குகிறது. ஸ்டீவ் 2013இலேயே விலகிவிட்டார். 'ஃபாட் லிப்'பில் அவருடைய வரிகள் வந்தபோது எங்கள் வரிசை முழுக்கக் கத்தியது. முன்னால் நின்ற நரைத்தாடிக்காரர் ஒரு வரியைத் தொடங்கிவிட்டுத் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அவன் அடுத்த வரியைப் பிடித்தான். முகம் தெரியாத இரண்டு பேர், ஒரு சொல் தப்பவில்லை.

31 ஜனவரி, வெள்ளி

குரல் போய்விட்டது. அம்மா கொத்தமல்லித் தண்ணி வைத்துத் தந்தா. "அந்தச் சோஃபாப் பாட்டுத்தானே?" என்றா.