மைக் செட் சித்தப்பாவும் ஊமை மரியோவும்

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘டிவி கேம்’ என்றால் தெரியும். மஞ்சள் கேசட்டைச் சொருகி, பட்டனைத் தட்டி, ‘9999 இன் 1’ என்று திரையில் வந்ததும் வாயைப் பிளந்து, அப்புறம் பத்துப் பதினைந்து ஆட்டம்தான் மாறி மாறி வருகிறது என்று தெரிந்தும் சந்தோஷமாக விளையாடிய தலைமுறை நாம். அந்தப் பெட்டி எனக்கு இப்போது கிடைக்கவில்லை என்பதால் நானே ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த சாமான்கள், தச்சரிடம் அறுத்து வாங்கிய ப்ளைவுட், உள்ளே ராஸ்பெர்ரி பை 3 என்ற கைக்கடக்கமான கம்ப்யூட்டர் (சுருக்கமாக ‘பை’), அதில் பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோபை என்ற மென்பொருள். படத்துக்கு, ஒரு அலுவலகம் மூடியபோது மலிவாக வாங்கிய பழைய மானிட்டர். சத்தத்துக்கு, செத்துப்போன கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கரும், நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பிஏஎம் 8403 என்ற குட்டி ஆம்ப்ளிஃபயர் போர்டும். கிட்டத்தட்ட தபால்தலை அளவுதான் இருக்கும், ஐந்து வோல்ட்டில் பக்கத்துக்கு மூன்று வாட் தருகிறேன் என்று சொல்லும்.

ஸ்பீக்கர் வயரிங் மட்டும் சித்தப்பாவிடம் போனது. கொடுத்தேன் என்று சொல்ல முடியாது, அவரே எடுத்துக்கொண்டார். லால்குடிப் பக்கம் முப்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவர். காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவாக இருந்தாலும் மரத்தில் ஏறிக் குழாய் கட்டியது அவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் உட்கார்ந்திருக்கும்போது நான் சால்டரிங் அயர்னைத் தொடுவதா? “நீ அந்தக் கம்ப்யூட்டர் வேலையைப் பாரு, சவுண்டை என்கிட்ட விடு” என்றார். விட்டேன்.

பெட்டியை மூடி, ஸ்விட்சைப் போட்டோம். படம் வந்தது. மரியோ வந்தார், ஓடினார், குதித்தார், காசை முட்டினார். சத்தம் மட்டும் இல்லை.

சத்தமில்லாமல் அந்த ஆட்டம் எவ்வளவு சூனியமாக இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் புரியும். நம் டிவி கேமுக்கு மூலமான, 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் பெட்டியின் சிப்பில் ஒலிக்கென்று இருந்தது மொத்தம் ஐந்தே தடங்கள். இரண்டு மெட்டுக்கு, ஒன்று அடிநாதத்துக்கு, ஒன்று இரைச்சலுக்கு, ஒன்று பதிவு செய்த ஒலித் துணுக்குக்கு. அந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் பாதி ஆட்டத்தையே ஓட்டியிருக்கிறார்கள். நேரம் 100க்குக் கீழே இறங்கினால் பாட்டு வேகமெடுக்கும். அதைக் கேட்டுத்தான் கை பதறும். இங்கே என் மகன் ஒரு பதற்றமும் இல்லாமல் நின்று நிதானமாகக் காளான் தேடிக்கொண்டிருந்தான், நேரம் தீர்ந்து மரியோ பொத்தென்று விழுந்தார். “அப்பா, இவரு ஊமையா?” என்றான். பிறகு அவனே வாயால் ‘டிங்… டிங்… பொய்ங்’ என்று சத்தம் கொடுத்து ஆட ஆரம்பித்தான். உள் அறையிலிருந்து அம்மா, “பிள்ளைக்கு என்ன ஆச்சு, ஏன் இப்படி முனகுறான்?” என்று கேட்டார்.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். மனைவி சொன்னது: “அந்தச் சின்ன மெமரி கார்டை எடுத்து ஒரு ஊது ஊதிப் போடுங்க.” கேசட்டை ஊதி ஊதியே வளர்ந்த தலைமுறை, வேறென்ன சொல்லும்? ஊதினால் எச்சில் ஈரம் பட்டுக் கால்கள் துருப்பிடிக்கும், எடுத்து மறுபடி சொருகியதால்தான் அன்றைக்கு வேலை செய்தது என்று நான் விளக்க ஆரம்பித்தபோது அவர் சமையலறைக்குப் போயிருந்தார். அம்மா சொன்னது: “டிவியில மியூட்ல இருக்கும், பாரு.” சித்தப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, “உன் கம்ப்யூட்டர்லதான் கோளாறு” என்ற ஒரே முகபாவத்தில் இருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். இந்தப் பையில் சத்தம் இரண்டு வழியாக வெளியேறலாம்: எச்டிஎம்ஐ கம்பியோடு படத்துடன் சேர்ந்து போகும், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஹெட்போன் துளை வழியாக வரும். ‘ஆட்டோ’ என்று விட்டுவிட்டால் அதுவாக முடிவு செய்யும். எங்கள் பை, மானிட்டரைப் பார்த்ததும் சத்தத்தை முழுக்க அதற்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மானிட்டருக்கோ ஸ்பீக்கரே கிடையாது. ஆனாலும் ‘எனக்குச் சத்தமும் வரும்’ என்று பையிடம் புளுகியிருக்கிறது. அலுவலகத்திலிருந்து வந்ததல்லவா, அந்தப் பழக்கம் போகவில்லை.

சரி, ரெட்ரோபை மெனுவில் ஆடியோவுக்குப் போய் ஹெட்போன் என்று மாற்றினேன். மௌனம். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஆல்சாமிக்சர் என்ற நிரலைத் திறந்தேன். அதில் ஒலியளவுக் கம்பத்துக்கு அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் வாயைக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். எம் விசையைத் தட்டினால் பச்சையில் இரண்டு பூஜ்யமாக மாறும். இங்கே பூஜ்யமாகவே இருந்தது. கட்டமைப்புக் கோப்பில் ஆடியோ வரியும் ‘ஆன்’ என்றுதான் இருந்தது. கடைசியில் போன் வாங்கியபோது வந்த இயர்போனை நேராகப் பையின் துளையில் சொருகிக் காதில் வைத்தேன். மரியோ ஜம்மென்று பாடிக்கொண்டிருந்தார்.

என் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் பக்கம் சுத்தம். சத்தம் ஹெட்போன் துளை வரைக்கும் வந்துவிடுகிறது, அதற்கப்புறம்தான் காணாமல் போகிறது. அதற்கப்புறம் இருப்பது சித்தப்பாவின் சரகம். இதை முப்பது வருட மைக் செட்காரரிடம் எப்படிச் சொல்வது? இயர்போனில் ஒரு பக்கத்தை எடுத்து மரியாதையாக அவர் காதில் வைத்தேன். கேட்டார். முகம் மாறியது. “பெட்டியைத் திற” என்றார்.

இதற்கப்புறம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. மீட்டர் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வரச் சொன்னார். ஸ்பீக்கர் வயரைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டுத் தொட்டு எடுத்தார். ‘டக், டக்.’ கூம்பு முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்கே தெரிந்தது. “ஸ்பீக்கர் உசிரோட இருக்கு.” அடுத்ததும் அப்படியே. வயரைப் பழையபடி பற்றவைத்தார். பிறகு போர்டின் உள்ளீட்டுக் காலில் ஆள்காட்டி விரலை வைத்தார். ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருந்தால் நம் உடம்பில் ஏறும் கரண்ட் இரைச்சலை வாங்கி ‘உர்ர்’ என்று உறும வேண்டும். உறுமவில்லை. “போர்டு அவுட்டு. நூறு ரூவா சாமான் இப்படித்தான் இருக்கும்” என்று தீர்ப்பு வழங்கினார்.

எனக்கு மனது கேட்கவில்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தேன். என்ன அழகான வேலை! ஈயம் மணி மணியாக மின்னியது. இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு, போர்டின் இடது மைனஸ், வலது மைனஸ், பவர் மைனஸ் மூன்றையும் ஒரே செம்புக் கம்பி தொட்டுக்கொண்டு போக, மேலே கச்சிதமாக இன்சுலேஷன் டேப்.

“இது என்ன சித்தப்பா?”

“எர்த்து. கறுப்பு எல்லாம் எர்த்துதானேடா? எதுக்குத் தனித்தனியா இழுக்கணும்? வயர் மிச்சம்.”

அவர் கட்டிய ஆம்ப்ளிஃபயர்களில் அது சரிதான். அங்கே ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், இன்னொரு முனைதான் ஆடும். இந்தக் குட்டி சிப்பின் கதை வேறு. ஐந்து வோல்ட்டை வைத்துக்கொண்டு பெரிதாகச் சத்தம் போட வேண்டும் என்பதற்காக, ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக ஆட்டுகிறது. ஒன்று மேலே போனால் மற்றது கீழே. அதனால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் ஆட்டம் இரட்டிப்பு. மைனஸ் என்று எழுதியிருந்தாலும் அது எர்த் கிடையாது. அதுவும் ஒரு வெளியீடு. அதைக் கொண்டுபோய் எர்த்தில் கட்டினால் நேர் ஷார்ட். நல்ல வேளை, ஷார்ட் கண்டால் உடனே வெளியீட்டை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆக போர்டு சாகவில்லை, வாயை மூடிக்கொண்டு பத்திரமாக இருந்திருக்கிறது.

“எர்த் இல்லாம எப்படிடா சவுண்டு வரும்?”

“ரெண்டு பக்கமும் அதுவே தள்ளும் சித்தப்பா.”

“அப்ப ரெண்டு பக்கமும் பிளஸ்ஸா? அப்புறம் எதுக்கு மைனஸ்னு எழுதி வெச்சிருக்கான்?”

கேள்வியில் நியாயம் இருந்தது. பதிலுக்குக் கம்பியை வெட்டினேன். அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தான் செய்த வேலையைத் தன் கண்முன்னால் பிரிப்பதை எந்தத் தொழிலாளியும் பார்க்க மாட்டார். இடத்துக்கு இரண்டு, வலத்துக்கு இரண்டு என்று நான்கு வயரைத் தனித்தனியாக இழுத்து ஸ்விட்சைப் போட்டதும் வீடே அதிர்ந்தது. இவ்வளவு நேரம் சத்தம் வரவில்லையே என்று ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தோம். அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். மகன் மட்டும் பழக்க தோஷத்தில் இன்னும் வாயால் ‘பொய்ங்’ போட்டுக்கொண்டிருந்தான்.

கதை முடிந்தது என்று நினைத்தால், ஆட்டத்தில் வெடி வெடிக்கும்போதெல்லாம் திரை மூலையில் ஒரு மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போனது. சில சமயம் ஆட்டமே திக்கியது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை இப்படித்தான் எச்சரிக்கும். சொல்லி வாய் மூடவில்லை, சித்தப்பா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். “ஒரே சார்ஜர்ல ரெண்டையும் ஓட்டுறியா? திருவிழாவில சீரியல் செட்டுக்குத் தனி லைன், ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன். இல்லைன்னா பாட்டு அழும்.” பழைய போன் சார்ஜர் ஒன்றை ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாகக் கொடுத்தோம். மின்னல் போயே போச்சு. அவர் சொன்னது அட்சர சுத்தம்.

பையின் ஹெட்போன் துளையிலிருந்து மெல்லிசாக ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ இன்னும் வருகிறது. அது அந்த மாடலின் சுபாவம், யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிப் போட்டால் போய்விடும். அவசரமில்லை.

நேற்று அத்தை போன் பண்ணினார். லால்குடியில் சித்தப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: “எங்க அண்ணன் பையன் ஏதோ கேம் பெட்டி செஞ்சான், சவுண்டே வரல. கம்ப்யூட்டர் படிச்சு என்ன பிரயோஜனம்? நான் போய்த்தான் சரி பண்ணிக் குடுத்தேன்.”