1943-ஆம் ஆண்டின் எஃகுக் காசை ஒரு காந்தத் தடத்தில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் காசு போட்டு இயக்கும் இயந்திரங்களின் தொழில் எப்படி நடந்தது என்பதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிறு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. 1943-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட எஃகினாலான ஒரு சென்ட் நாணயத்தைப் பல இயந்திரங்கள் போலிக் காசென்று எண்ணித் தள்ளிவிட்டன. அதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளிவந்த போர்க்கால ஐந்து சென்ட் நாணயத்தையோ அதே வகை இயந்திரங்கள் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டன. ஒரே அரசு ஒரே போருக்காகச் செய்த இரண்டு நாணயங்களில் ஒன்று தேறியதும் மற்றொன்று தோற்றதும் ஏன் என்பதைக் கையால் செய்து பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கடந்த நான்கு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவரும் வேலையின் பதிவு இது.

அக்காலத் தொழிலின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1942-இல் போர்க்கால உற்பத்தி வாரியம் இசைத்தட்டுப் பெட்டிகள், எடை பார்க்கும் இயந்திரங்கள், பின்பால் போன்ற விளையாட்டு இயந்திரங்கள் ஆகியவற்றைப் புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டது. சிகாகோவில் இசைத்தட்டுப் பெட்டிகளைச் செய்துவந்த ராக்-ஓலா நிறுவனம் எம்1 கார்பைன் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கி, போர்க்காலத்தில் 2,28,000-க்கும் மேற்பட்டவற்றைச் செய்துகொடுத்தது. ஹாரி வில்லியம்ஸும் லின் டுரான்ட்டும் சேர்ந்து 1942-இல் தொடங்கிய யுனைடெட் நிறுவனம், பழைய பின்பால் மேசைகளை வாங்கி, ஓவியக் கண்ணாடியையும் ஆடுதளத்தையும் மாற்றி, புது ஆட்டம்போல் விற்றது. புது இயந்திரம் கிடைக்காத அந்த ஆண்டுகளில், ஏற்கெனவே கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் நின்றிருந்த இயந்திரங்களைக் கொண்டுதான் தொழில் நடந்தாக வேண்டியிருந்தது. அந்த இயந்திரங்களின் வாயில் விழும் காசையே போர் மாற்றிவிட்டது என்பதுதான் என் ஆய்வின் தொடக்கம்.

முதல் மாதம் முழுவதும் தடம் அமைப்பதிலேயே போயிற்று. காசு விளிம்பில் நின்று உருண்டு செல்ல, சரிவான ஒரு தடம் வேண்டும். தடம் நேர்செங்குத்தாக இருந்தால் காசு தள்ளாடி விழுந்துவிடுகிறது. ஆகவே 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து, காசு அதில் லேசாகச் சாய்ந்தபடி உருளுமாறு செய்தேன். முன்பக்கம் அக்ரிலிக் தகடு. தடத்தின் நடுவில், பலகைக்குப் பின்னால் ஒரு காந்தம். தடம் முடிகிற இடத்தில் காசு காற்றில் பாய்ந்து, கீழே பரப்பிய மணல் தட்டில் விழும். எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதே அளவீடு.

இதன் அடிப்படை எளிமையானது. காந்தப் புலத்தைக் கடக்கும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதன் வேகத்தைக் குறைக்கிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் தாமிரமும் வெள்ளியும் மிகுதியாகத் தடைபடும். 75 விழுக்காடு தாமிரமும் 25 விழுக்காடு நிக்கலும் கலந்த வழக்கமான ஐந்து சென்ட் நாணயம், தாமிரம் மிகுந்திருந்தும் மின்சாரத்தைக் குறைவாகவே கடத்துவதால் ஏறத்தாழ அப்படியே ஓடிவிடும். நல்ல காசும் போலிக் காசும் வேறு வேறு தூரத்தில் விழுவதால், நடுவே ஒரு தடுப்பை வைத்துப் பிரித்துவிடலாம். இரும்பு வாஷரோ காந்தத்தில் ஒட்டி நின்றுவிடும்.

முதலில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த ஃபெரைட் காந்தத்தை வைத்தேன். எல்லாக் காசும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. பிறகு, பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்த நியோடிமியம் காந்தத்தை வைத்ததும் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நியோடிமியம் காந்தம் 1980-களில்தான் வந்தது. 1940-களின் இயந்திரத்தை ஆராயும்போது அதைப் பயன்படுத்துவது நேர்மையாகாது என்று பட்டதால், 1930-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட அல்னிகோ வகைக் காந்தங்கள் இரண்டைத் தேடி வாங்கி, தடத்தின் இரு பக்கமும் எதிரெதிரே பொருத்தினேன். வேறுபாடு குறைந்தாலும் அளக்கக்கூடிய அளவில் இருந்தது. அந்த நாள் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

அமெரிக்க நாணயங்கள் கைக்கு வரும் வரை நம் காசுகளை வைத்துப் பழகினேன். இன்றைய எஃகு ஒரு ரூபாய் உடனே ஒட்டிக்கொண்டது. நம்மிடம் முன்பு புழங்கிய கனமான ஐந்து ரூபாய் நாணயம் அமெரிக்க ஐந்து சென்ட்டைப் போலவே 75-க்கு 25 என்ற தாமிர நிக்கல் கலவை என்பதால், தடத்தின் உயரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அதையே அளவுகோலாகப் பயன்படுத்தினேன்.

பின்னர் நாணயக் கண்காட்சி ஒன்றில் நான் தேடியவை அனைத்தும் கிடைத்தன. 1941-இன் ஐந்து சென்ட், 1943-இன் போர்க்கால ஐந்து சென்ட், 1943-இன் எஃகு சென்ட், 1944-இன் தாமிர சென்ட், ஒப்பிடுவதற்காக 90 விழுக்காடு வெள்ளி கலந்த ஒரு பத்து சென்ட். ஒவ்வொன்றையும் இருபது முறை ஓட்டினேன். 1941-இன் ஐந்து சென்ட் மணல் தட்டில் 11 முதல் 12 சென்டிமீட்டருக்குள் விழுந்தது. வெள்ளிப் பத்து சென்ட் 7 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. 35 விழுக்காடு வெள்ளி கொண்ட போர்க்கால ஐந்து சென்ட் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்காவது விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அது 1941-இன் நாணயம் விழுந்த அதே மணற்குழியில் திரும்பத் திரும்ப விழுந்தது.

அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். 1942 மார்ச் மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஐந்து சென்ட்டைப் பாதி வெள்ளி, பாதி தாமிரமாக அடிக்க அனுமதித்தது. நிக்கல் போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதே காரணம். அந்தக் கலவையில் காசு அடித்திருந்தால் அது என் தடத்தில் வெள்ளிப் பத்து சென்ட்டின் பக்கமாகவே விழுந்திருக்கும். ஆனால் விகிதத்தை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தந்திருந்தது. அக்டோபரில் வெளிவந்த நாணயத்தில் தாமிரம் 56, வெள்ளி 35, மாங்கனீசு 9 என்ற விகிதம் இருந்தது. மாங்கனீசு தாமிரத்தின் கடத்துதிறனை வெகுவாகக் குறைத்துவிடும். எடையும் பழைய 5 கிராமே. இயந்திரங்கள் ஏற்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே இந்தக் கலவை தேர்ந்தெடுக்கப்பட்டது. இசைத்தட்டுப் பெட்டியில் ஒரு பாட்டு, ஒரு பின்பால் ஆட்டம், ஒரு கோக்க-கோலா புட்டி என எல்லாம் ஐந்து சென்ட்டில் நடந்த காலத்தில் அந்தக் காசை இயந்திரங்கள் மறுத்திருந்தால் தொழிலே நின்றுபோயிருக்கும். போருக்குப் பின் அடையாளம் கண்டு திரும்பப் பெறுவதற்காக, மான்டிசெல்லோ மாளிகை உருவத்தின் மேல் பெரிய எழுத்தில் நாணயச்சாலைக் குறியையும் பொறித்தார்கள். உருப்பெருக்கி இல்லாமலே அதைப் படிக்க முடிகிறது.

எஃகு சென்ட்டின் கதை வேறு. தோட்டா உறைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் தாமிரத்தை மிச்சப்படுத்த, துத்தநாகம் பூசிய எஃகில் 1943-இல் மட்டும் 109 கோடிக்கும் மேற்பட்ட சென்ட்டுகளை அடித்தார்கள். (அதே ஆண்டில்தான் இந்தியாவிலும் தாமிரத்தை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட பைசாவை அடிக்கத் தொடங்கினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ஓட்டைக் காலணா என்று சொல்வது அதைத்தான்.) என் தடத்தில் எஃகு சென்ட் ஒருமுறைகூட மணலைத் தொடவில்லை. காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

அதற்கு அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒட்டிய காசை எடுக்காமல் 1944-இன் தாமிர சென்ட்டை உருட்டினேன்; அது எஃகுக் காசில் மோதி நின்று தடத்தை அடைத்துக்கொண்டது. ஆக, ஒரு எஃகுக் காசை இயந்திரம் மறுப்பதோடு பிரச்சினை முடிவதில்லை. பின்னால் வரும் நல்ல காசும் சிக்கிக்கொள்கிறது. ஒரு சென்ட்டுக்கு எடை பார்க்கும் இயந்திரத்தையோ மிட்டாய் இயந்திரத்தையோ நம்பிப் பிழைத்தவருக்கு இது எத்தனை தொல்லையாக இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்தக் கால இயந்திரங்களில் காசைத் திருப்பித் தரும் நெம்புகோலை அழுத்தினால் ஒட்டியது கீழே விழும்படி செய்திருந்ததைப் பின்பற்றி, நானும் அக்ரிலிக் தகட்டைக் கீலில் பொருத்தி, திறக்கும்போது ஒரு பித்தளைத் தகடு காந்தத்தின் முகத்தை வழித்துவிடுமாறு அமைத்தேன். மூன்றாம் முயற்சியில்தான் அது சரியாக வேலை செய்தது.

இரண்டு வாரம் ஈரமான வானிலையில் தடத்திலேயே விட்டிருந்த எஃகு சென்ட்டின் விளிம்பில் துரு படிந்து, ஒட்டுப்பலகையில் பழுப்புக் கோடு இழுத்திருந்தது. துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டியதால் விளிம்பில் பூச்சு இல்லை. துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காந்தத்தை எடுத்துவிட்டால் எஃகுக் காசு தேறிவிடாதா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. அதற்காகச் சென்ற வாரம், தடத்துக்கு முன்னால் ஒரு சிறு எடைத் தொட்டிலைச் சேர்த்தேன். சைக்கிள் ஆரக்கம்பியை அச்சாக வைத்து, மறுமுனையில் ஒரு நட்டைத் திருகி நகர்த்தி, 3.11 கிராம் எடையுள்ள தாமிர சென்ட் விழுந்தால் மட்டும் சாயுமாறு அமைத்தேன். சுமார் 2.7 கிராம் எடையுள்ள எஃகு சென்ட் அந்தத் தொட்டிலைச் சாய்க்கவில்லை. பத்து முறை போட்டுப் பார்த்தேன். பத்து முறையும் தொட்டிலிலேயே கிடந்தது. காந்தத்தை அது சந்திக்கவே இல்லை.