கிளட்ச் மாற்றிய பிறகு கிளம்ப மறுத்த ஆம்னி

என்னுடைய மாருதி ஆம்னி கார்புரேட்டர் காலத்து வண்டி. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின், முன் இருக்கைக்கு அடியில். 2019இல் ஆம்னி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்றாலும், திண்டுக்கல் பக்கம் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பழசாகிவிட்டது, தள்ளிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மேட்டில் இழுவை குறைந்து கிளட்ச் பிளேட் தேய்ந்திருப்பது தெரிந்ததும் பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட்டை மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். அதன்பின் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒற்றைச் சத்தம் மட்டும். எஞ்சின் அசையவே இல்லை.

"பேட்டரி போயிருக்கும் சார், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார். மாற்றிவிடலாமா?" என்றார் மெக்கானிக்.

நல்லபடியாக ஓடிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்த வண்டி அது. வேலை நடந்த இடத்தைச் சோதிக்காமல் புதுச் சாமான் வாங்க எனக்கு மனம் வரவில்லை. மல்டிமீட்டரை எடுத்தேன். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட். சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தபோதும் 12க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி செத்திருந்தால் அந்த நேரத்தில் 9, 8 என்று சரிந்திருக்கும். சரியவில்லை என்றால் மின்சாரம் போகச் சரியான வழி இல்லை என்று பொருள். முகப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்ததும் இதோடு பொருந்தியது. அவற்றுக்கு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, பாடியிலிருந்தே கிடைத்துவிடும்.

இதற்குள் வேறொன்று கண்ணில் பட்டது. கிளட்ச் கேபிளிலிருந்து மெல்லிய புகை. தொட்டால் சுட்டது. உடனே சாவியைத் திருப்புவதை நிறுத்தச் சொன்னேன். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் வயர் இல்லாமல் போனால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், சோக் கேபிள்கள் வழியாகத் திரும்பப் பார்க்கும். மெல்லிய கம்பி அதைத் தாங்காது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஒரு நொடி மட்டும் சாவியைத் திருப்பினோம். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சந்தேகத்துக்கே இடமில்லை.

அடியில் படுத்துப் பார்த்தபோது, பின்னல் எர்த் வயர் கிரீஸ் அப்பியபடி சேஸிஸில் தொங்கிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் போல்ட்டில் அதைத் திரும்ப மாட்டவே இல்லை. துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளத்த பிறகு முடுக்கினோம். செல்ஃப் உற்சாகமாகச் சுற்றியது.

ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடித்தது, பெட்ரோல் வாடை வேறு. பெட்ரோலும் வருகிறது, தீப்பொறியும் வருகிறது, நேரம்தான் தவறுகிறது. இடம் போதவில்லை என்று, தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் பிளக் வயர்களையும் கழற்றியதாக உதவிக்கு நின்ற பையன் தயங்காமல் சொன்னான். அந்த நேர்மைக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்த எஞ்சினின் எரிவரிசை, அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-3-2. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். காற்று விரலைத் தள்ளியது. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்தினோம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் மூடியின் எந்த முனையை நோக்கி நின்றதோ அதுதான் ஒன்றாம் வயருக்கு உரியது. அந்த வயர் சரியாகவே இருந்தது. ரோட்டர் சுழலும் திசையில் அடுத்தது மூன்றாக இருக்க வேண்டும், அங்கே இரண்டு இருந்தது. அந்த இரு வயர்களையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினோம். நனைந்திருந்த பிளக்குகளைத் துடைத்து உலர்த்தி மாட்டியதும், முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

சூட்டில் உள்உறை உருகிய கிளட்ச் கேபிளைப் பட்டறைக்காரர் தம் செலவிலேயே மாற்றித் தந்தார். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் பழையவையே. சோக் கேபிள் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. அடுத்த சர்வீஸில் அதையும் மாற்ற வேண்டும்.