கண்ணு பாக்குது, மூளை எங்க?

கிண்டி சிக்னல்ல பச்சை விழுந்தும் கேப் நகரல. டிரைவர் அண்ணன் காதுல ப்ளூடூத், ஊர்ல ஏதோ பத்திரப்பதிவு பஞ்சாயத்து ஓடுது, கை ரெண்டும் ஸ்டியரிங்லதான், கண்ணும் சிக்னல் மேலதான்.

பின்னாடி ஹாரன் அடிச்சப்புறம்தான் முழிச்சாரு.

அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல உளவியல் ஆராய்ச்சியாளர் டேவிட் ஸ்ட்ரேயர் டீம் 2003லயே கார் ஓட்டுற சிமுலேட்டர்ல இதைப் பாத்துட்டாங்க, ஹேண்ட்ஸ்ஃப்ரீல பேசிட்டே ஓட்டுனவங்க கண்ணு ரோட்டோர போர்டு மேல நின்னது கருவியில பதிவாயிருக்கு, ஆனா அப்புறம் கேட்டா, போன் பேசாம ஓட்டுனப்ப ஞாபகம் இருந்ததுல பாதி அளவுதான் ஞாபகம் இருந்துச்சு.

பக்கத்து சீட்ல இருக்கறவங்க பேசுனா இவ்ளோ மோசமில்லயாம். லாரி குறுக்க வந்தா அவங்களே பேச்ச நிறுத்திருவாங்க, போன்ல இருக்கற மச்சானுக்கு லாரி எங்க தெரியும்?

நம்ம மோட்டார் வாகனச் சட்டமோ 2019ல திருத்துனப்பவும் கையில பிடிக்கிற போனைத்தான் தப்புன்னு சொல்லுது.